கழுத்தில் பட்ட அடி

கொட்டகலையில் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பும்போது, எங்கள் லொறி வளைவில் மண்மேட்டில் மோதி நின்றது. என் தலை முன்னே போய்ப் பின்னே வெட்டியது. ரத்தமும் இல்லை, காயமும் இல்லை. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது மலையே சுற்றியது. கூடைக் கயிற்றைத் தலையில்தான் மாட்டியிருப்போம். கூடை நிறைய நிறையக் கழுத்தைப் பின்னால் இழுக்கும். நிரையிலேயே சாய்ந்து வாந்தி எடுத்தேன். பக்கத்து நிரைப் பெண்கள் தூக்கிவிடுவதற்கு முன்பே சிரித்துவிட்டார்கள். கல்யாணமாகி ஏழு வருஷமாகப் பிள்ளையில்லாதவளுக்குத் தலை சுற்றினால் வேறென்ன காரணம் இருக்க முடியும்?

எனக்கு முன்னே செய்தி நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டது. என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத மாமியார் வாசலுக்கே வந்து கூடையை வாங்கினார்.

"நீ உக்காரு தாயி. தண்ணிய நான் தூக்கியாரேன்."

அவர் வாயிலிருந்து 'தாயி' என்று கேட்டதும் அழுதுவிட்டேன். நாள் கொஞ்சம் தள்ளியிருந்ததால் நானும் ஆசைப்பட்டேன். அடுத்த வாரமே தூரமானேன். யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. அவர் தோடம்பழம் வாங்கி வந்திருந்தார்.

தோட்டத்து டிஸ்பென்சர் என் கழுத்தை அழுத்திப் பார்த்தார். சுவரில் ஓர் இடத்தைப் பார்த்தபடியே தலையை இருபக்கமும் திருப்பச் சொன்னார். சுற்றும், ஆனால் பயந்து நிறுத்தினால் சுகமாகாது என்றார். காலையில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனபின், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டு திருப்புவேன். சுவர் சரியும், குமட்டும். பிடித்துக்கொள்ள ஆளில்லை. சுகமானால் வயிற்றில் ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிடும் என்ற பயம் வேறு.

ஒருநாள் மாமியார் பாதி வேலையில் வந்துவிட்டார்.

"புள்ளத்தாச்சி தலைய இப்பிடியா ஆட்டுவ?" என்று என் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகள் என்னைத் தொட்டதே அதுதான் முதல் தடவை. இனியும் ஏமாற்ற முடியவில்லை.

"அத்தை, வயித்துல ஒண்ணுமில்ல. போன வாரமே தூரமாயிட்டேன். இது கழுத்துல பட்ட அடி."

கைகளை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் தண்ணீருக்கு நானே போனேன், ஒரு கையால் லயத்துச் சுவரைப் பிடித்தபடி.

இரண்டு மாதத்தில் சுற்றல் நின்றது. மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு நிரையில் நேராக நின்றேன். பாவம், பிள்ளை தங்கவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கழுத்து எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.