தூங்கிவிட்ட பெட்டியைத் தேடிக் கோட்டைப்பட்டினம் வரை

போன வியாழக்கிழமை கோட்டைப்பட்டினம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நான் செய்த ஒரு தப்பு அங்கே கடலில் போய்க்கொண்டிருந்தது, அதன் பின்னாலேயே ஓடினேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் பஸ் நேரம், கட்டணம் எல்லாம் எழுதுகிறேன். நடுநடுவே புலம்புவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சியில் ஒரு சிறிய கம்பெனியில் மின்னணுப் பெட்டிகளுக்கு புரோகிராம் எழுதுகிறவன். சொந்த ஊர் கந்தர்வக்கோட்டை. முந்திரித் தோப்பு தெரியும், கடல் தெரியாது. நாங்கள் மீன்பிடி வள்ளங்களுக்காக ஒரு பெட்டி செய்தோம். வள்ளம் கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால், இரண்டு மைல் முன்பே அது கத்த வேண்டும். எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை ஆளைப் பிடித்துக்கொண்டு போகும், வள்ளமும் திரும்பி வராது. இதைக் கோட்டைப்பட்டினத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை.

பெட்டி ஓடுவது சின்ன பேட்டரியில். அதை மிச்சம் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். பெட்டிக்குள் இருக்கும் புராசஸருக்கு கிளாக் என்று ஒரு துடிப்பு உண்டு. வேகமாகத் துடித்தால் வேலை வேகமாக நடக்கும், பேட்டரியும் வேகமாகத் தீரும். உங்கள் போனில் பவர் சேவிங் போட்டால் எல்லாம் மந்தமாகிறதே, ஏறக்குறைய அதே கதை. இன்ஜின் அதிர்வு இருந்தால் முழு வேகம், அதிர்வு நின்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகம் என்று எழுதினேன். இன்ஜின் நின்றால் வண்டி வீட்டில் நிற்கிறது என்றுதானே அர்த்தம்? பைக் ஓட்டுகிற புத்தி அவ்வளவுதான்.

முதல் பெட்டியை நைனா முகமது என்பவரின் வள்ளத்தில் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பொருத்தினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை, அவர்கள் கடலுக்குப் போவதில்லை. வள்ளமும் ஆளும் கரையில் கிடைப்பது எனக்கு வசதியாகப் போயிற்று. இன்ஜினை ஓட்டிப் பார்த்தேன், நிறுத்திப் பார்த்தேன். இரண்டு முறையும் பெட்டி சரியான இடத்தையே காட்டியது. சந்தோஷமாக மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

வியாழன் காலை நாலரை மணிக்கு அதே மாதிரி இன்னொரு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடை வரை நடந்தேன். அரை கிலோமீட்டர். இன்ஜின் அதிர்வு இல்லாததால் பெட்டி குறைந்த துடிப்பில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை என்கிறது. உடனே புரோகிராமைத் திறந்தேன்.

காரணம் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. இடம் சொல்லும் ஜிபிஎஸ் சில்லு ஒரே வேகத்தில் பேசிக்கொண்டே இருக்கும். புராசஸர் தன் துடிப்பை வைத்து அந்தப் பேச்சை எண்ணி எழுத வேண்டும். துடிப்பைக் குறைத்த நான், எண்ணும் கணக்கை மாற்ற மறந்துவிட்டேன். ஏலக்காரர் படபடவென்று விலை சொல்ல, எழுதுகிறவர் அரைத் தூக்கத்தில் எழுதின மாதிரி எல்லாம் கிறுக்கல். கிறுக்கல் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைசியாகத் தெரிந்த இடத்தையே வைத்துக்கொள் என்றும் நான்தான் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை வள்ளம் நகரவில்லை, அதனால் பழைய இடமே சரியான இடமாக இருந்தது.

நைனா பாய்க்கு போன் போட்டேன். அவர் மனைவி ரஹ்மத் அக்கா எடுத்தார்.

"அவுகளும் மச்சானும் மூணு மணிக்கே போயிட்டாக தம்பி. போனை வீட்லயே வச்சுட்டாக. என்ன விசயம்?"

"அக்கா, கடல்ல வலை விட்டதுக்கு அப்புறம் இன்ஜினை ஓட்டிக்கிட்டே இருப்பாங்களா?"

"எதுக்கு ஓட்டணும்? டீசல் என்ன சும்மாவா வருது? அமத்திட்டு நீரோட்டத்தோட போவாக. இன்னிக்கு மீன் அங்கிட்டுத்தான் கெடக்குன்னு தூரமாப் போறதாச் சொன்னாக."

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திருச்சியில் 5.45க்கு பஸ். புதுக்கோட்டை 55 கிலோமீட்டர், 45 ரூபாய், 7.05க்கு இறங்கினேன். 7.15 அறந்தாங்கி பஸ், 32 கிலோமீட்டர், 28 ரூபாய், 8.10க்குப் போய்விடும். அங்கே பஸ் மாறும்போது தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கினேன், பிரிக்காமலேயே பையில் கிடந்தது.

8.25க்கு ஆவுடையார்கோயில், மீமிசல் வழியாகக் கோட்டைப்பட்டினம் பஸ். 38 கிலோமீட்டர், 35 ரூபாய். ஆவுடையார்கோயிலில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் படியில் நின்று மணி பார்த்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து பார்த்தேன்.

"சார், மணி பாத்தா பஸ் வேகமாப் போயிருமா?" என்றார் கண்டக்டர். "கல்யாணமா, சாவா?"

"இன்னும் தெரியலண்ணே," என்றேன். அவர் உடனே போய் டிரைவரை அரைக் கிளாஸோடு எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனிதர்.

9.40க்கு இறங்கினேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கரை பத்து நிமிட நடை. ரஹ்மத் அக்கா கரையிலேயே நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், முகத்தைப் பார்த்தபின் வரவில்லை.

"எப்பவும் பதினோரு மணிக்கு வந்துருவாக," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பதினோரு மணி ஆயிற்று. ஏழெட்டு வள்ளங்கள் வந்தன, அவர்களுடையது வரவில்லை. பதினொன்றரை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தார். நைனா பாய் கடலுக்கு முப்பது வருடமாகப் போகிறவர், பெட்டி கத்தாவிட்டாலும் அவருக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

12.20க்கு அக்காதான் முதலில் பார்த்தார். "அந்தா வாராக," என்றவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன்.

நைனா பாய் வள்ளத்தை விட்டு இறங்கியதும் என்னைத்தான் பார்த்தார்.

"ஒங்க பொட்டி கத்தவே இல்லையே தம்பி. வலையை விட்டுட்டு ரெண்டு பேருமே படுத்துட்டோம். பக்கத்து வள்ளத்துக்காரன் கூப்பாடு போட்டு எழுப்பி விட்டான். கோடு கைக்கெட்டுற தூரத்துல கெடக்கு. பாதி வலையை அறுத்து விட்டுட்டு ஓடியாந்தோம்."

"ரெண்டு பேருமா தூங்குனீங்க?" என்றார் அக்கா.

"எப்பவும் ஒருத்தன் முழிச்சிருப்போம். இந்த வாட்டிதான், பொட்டி முழிச்சிருக்கேன்னு படுத்தோம்."

பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பெட்டியைத் தூங்க வைத்தவன் நான். அதை நம்பி இவர்கள் தூங்கியிருக்கிறார்கள். முப்பது வருடம் கண் விழித்து வந்த பழக்கத்தை ஒரே வாரத்தில் கெடுத்திருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான் பாய். அது பழைய இடத்தையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

"அதத்தான் நாங்க பொய்யின்னு சொல்லுவோம்," என்றார்.

லேப்டாப்பை வள்ளத்தின் பலகையில் வைத்துப் புரோகிராமைத் திருத்தினேன். துடிப்பு மாறும்போதெல்லாம் எண்ணும் கணக்கும் கூடவே மாறும். மூன்று தடவை சரியான இடம் வராவிட்டால் பெட்டி சும்மா இருக்காது, கத்தும். முடித்ததும் பாய் இன்ஜினில் கை வைத்தார். "ஏறுங்க. கரையில பாத்தது போதும்."

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் ஏறினேன்.

அதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நேரடி பஸ்ஸை நம்பாதீர்கள், அறந்தாங்கிக்கு மாலை ஐந்துக்குள் கிளம்பிவிடுங்கள். வெயில் கடுமை, கரையில் நிழல் குறைவு. கரை ஏலத்தில் மீன் வாங்க ஆசைப்பட்டால் பத்து மணிக்கு முன்பே நில்லுங்கள். வெள்ளிக்கிழமை போனால் வள்ளங்கள் வரிசையாகக் கரையில் நிற்கும், போட்டோவுக்கு அழகாக இருக்கும். என்னைப் போல அன்றைக்கு மட்டும் பார்த்துவிட்டுக் கடலைப் புரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள். வேடிக்கைக்காகக் கடலுக்குள் கூட்டிப் போகச் சொல்லியும் கேட்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு.

கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி பாய் இன்ஜினை அமர்த்தினார். தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் மட்டும். பெட்டியின் திரையில் துடிப்பு குறைந்தது தெரிந்தது. இடத்தின் கடைசி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு. நாலு. நாலு. அப்புறம் ஐந்து.

"மாறுதா?" என்றார் பாய்.

"மாறுது பாய்."

இன்னும் இரண்டு எண் மாறும்வரை அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு வலைக்குவியலில் சாய்ந்து, "சரி, நீங்க முழிச்சிருங்க," என்று கண்ணை மூடிக்கொண்டார்.