ஆனந்தராஜாவுக்குப் போர்த்திய பொன்னாடை

1999 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கிளேட்டன் மைதானத்தின் ஓரத்தில் செருப்போடு நின்ற கேதீஸ்வரனைப் பார்த்து, "தம்பி, உமக்கு என்ன சைஸ் சப்பாத்து?" என்று கேட்டவர்தான் ஆனந்தராஜா. பதிலுக்குக் காத்திராமல் கார் டிக்கியைத் திறந்து, பழைய பூட்ஸ் நாலைந்து சோடியைப் புல்லில் கொட்டினார். கேதீஸ்வரன் படிக்க வெளிநாடு வந்து ஆறு கிழமைதான். வவுனிக்குளத்துப் பக்கம் வயல் ஊர். குடும்பத்தில் பல்கலைக்கழகம் ஏறிய முதல் ஆள். அன்றைக்கே அணியில் விளையாடினான்.

ஆனந்தராஜா பஸ் ஓட்டுகிறவர். ஊர்க் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் உதைபந்தாட்ட அணியை அவர் பொறுப்பெடுத்தபோது அது முதற்சுற்றிலேயே மூட்டை கட்டுகிற அணி. ஏழு வருடத்தில் தமிழ்ச் சங்கங்களின் லீக்கை மூன்று தரம் வென்றது. அவரிடம் இருந்தது ஒரேயொரு சட்டம்: பிராக்டிஸுக்கு ஒழுங்காக வருகிறவனுக்கு மட்சிலும் இடம் உண்டு. "மழைக்குள்ளை வந்து ஓடினவனைக் கிண்ண மட்ச் அண்டைக்கு வெளியிலை வாங்கிலை இருத்தலாமே?" என்பார்.

கொமிற்றி லீக்கைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது எதிர்க் கல்லூரிச் சங்கத்தோடு வருடத்தில் ஒருநாள் ஆடும் மட்ச். அதை மட்டும் ஆனந்தராஜா ஒருதரமும் வென்று கொடுக்கவில்லை. 2005இல் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்க, இருபது நிமிடம் இருக்கையில், அணியின் கெட்டிக்கார ஆட்டக்காரனை வெளியே எடுத்துவிட்டு டாக்சிக்காரச் சிவமணியை இறக்கினார். சிவமணிக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு பிராக்டிஸும் தவறவிட்டதில்லை. வெறும் கோலுக்கு முன்னால் கிடைத்த பந்தை வானத்துக்கு அடித்தான். கடைசி நிமிடத்தில் எதிரணி கோல் போட்டது.

"லீக்கை வைச்சு ஊறுகாயே போடுறது?" என்று கூட்டத்தில் கத்தினார் தலைவர் பாலகிருஷ்ணன். "மற்றக் கல்லூரிக்காரர் ஃபோன் அடிச்சு, சிவமணிக்கு மாலை போடட்டோ எண்டு கேக்கிறாங்கள்!"

ஆனந்தராஜாவுக்குப் பதிலாக வெள்ளைக்காரர் ஒருவரைப் பயிற்சியாளராகப் பிடிப்பதென்று முடிவாயிற்று. கைகள் உயர்ந்தன. இப்போது எஞ்சினியராகவும் சங்கச் செயலாளராகவும் இருந்த கேதீஸ்வரனின் கையும் உயர்ந்தது.

"அந்தாளை நோகப்பண்ணாமல் செய்யவேணும்," என்றார் பாலகிருஷ்ணன். "ஆண்டு விழாவிலை பொன்னாடையைப் போர்த்துப் போசகர் எண்டு ஒரு கௌரவப் பேரைக் குடுத்துவிடுவம். வாழ்த்து மடலை நீர் எழுதும் தம்பி. படிச்சனீர், பக்குவமாச் சொல்லுவீர்."

மூன்று நாள் இருந்து எழுதினான். 'களத்தின் சுமையைப் பிறர் தோளில் இறக்கிவைத்து, சங்கத்தின் போசகராய் உயர்கிறார்' என்ற வரி விழுந்ததும் அவனுக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. டிசம்பரில் ஆண்டு விழா மதிய விருந்தில் அவனே வாசித்தான். சனம் எழுந்து கைதட்டியது. ஆனந்தராஜாவின் மனைவி விஜயா கண்ணைத் துடைத்தாள். ஆனந்தராஜா பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தார்.

"எனக்குக் கனக்கக் கதைக்கத் தெரியாது. போசகர் எண்டால் பொறுப்பு இன்னும் கூட. மார்ச் முதல் சனி, எட்டு மணிக்குப் பிராக்டிஸ். சிவமணி, இந்தமுறை பந்தை நிலத்தோடை அடிக்கப் பழகிறாய்!"

மண்டபம் சிரித்தது. கொமிற்றி வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"போய் விளக்கமாச் சொல்லும்," என்று பாலகிருஷ்ணன் கேதீஸ்வரனிடம் குசுகுசுத்தார்.

"நாளைக்குச் சொல்லுறன், அண்ணை."

அந்த நாளை மூன்று மாதமாக இழுபட்டது.

மார்ச் முதல் சனி ஆனந்தராஜா ஏழரைக்கே வந்து, பந்துப் பையை இறக்கினார். மைதான நடுவில் ஒரு வெள்ளைக்காரர் விசில் ஊதிப் பெடியளை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். கேதீஸ்வரன் ஓடிவந்தான்.

"ஆர் தம்பி இது?"

"புதுக் கோச், அண்ணை."

"எனக்கு உதவிக்கோ?"

"இல்லை அண்ணை. உங்களுக்குப் பதிலா. அண்டைக்கு மடலிலை அதைத்தான்... எழுதினனான்."

ஆனந்தராஜா பந்துப் பையைத் திரும்பத் தூக்கினார்.

"விஜயா அந்த மடலுக்குக் கண்ணாடி போட்டு விறாந்தையிலை கொழுவி வைச்சிருக்கிறாள்," என்றார். பந்துப் பையை அவன் காலடியில் வைத்தார். "ரண்டு பந்துக்குக் காத்துப் போகுது. பாரும்."

இது 2009. ஆனந்தராஜா நகரின் விளிம்பில், கிரான்பர்னில் இருக்கிறார். பஸ்தான் ஓட்டுகிறார், சனிக்கிழமைகளிலும். சங்கத்தின் கடிதத்தாளில் போசகர் என்று அவர் பெயர் இருக்கிறது. மைதானத்துக்கு வருவதில்லை.