தாடியில் முடிந்த ஆற்றுப் பயணம்

இதைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? உங்கள் வீட்டில் சண்டையே கிடையாதா, என் வீட்டுச் சண்டையைக் கிளற வந்துவிட்டீர்களே! சரி, கேட்டுத் தொலையுங்கள். எனக்கும் இன்னும் கோபம் ஆறவில்லை.

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வந்த வருடம். மலாக்காவில், காஜா பேராங்கில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். சேர்ந்தாற்போல் லீவு வருகிறது என்றதும், அவரும் லாரியில் கூட ஓடிய கூட்டாளியும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பகாங் மலைக்குப் போய், மூங்கிலில் ராக்கிட் என்கிற தெப்பம் கட்டி, ஆற்றோடு இறங்கி வருவதாம். கூட்டாளி அந்த மலைப் பக்கம் பிறந்தவர், மீன் மாதிரி நீந்துவார். இவரோ தெங்கேரா கடலில் முழங்கால் நனைந்தாலே வேட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவருகிறவர்.

இந்தத் திட்டம் புக்கிட் பாரு சாப்பாட்டுக் கடைக்காரனுக்குத் தெரியும். முடிவெட்டுகிறவனுக்குத் தெரியும். சோறு ஆக்கிப்போடுகிற எனக்குத் தெரியாது. கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டு பேரும் என் அடுப்புக்கரியை எடுத்து, நான் கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் ஆறு வரைந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

"மூணு எடத்துல ஜெராம் இருக்குண்ணே," என்று கூட்டாளி புள்ளி வைத்தார். பாறைக்கு நடுவே தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழும் இடம்தான் ஜெராம்.

"ராக்கிட் கவுந்துட்டா?" என்றேன்.

"கவுறாது லா. கழிய ஊனித் தள்ளுனா போயிரும்," என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரிஞ்சவன்தான் கூட வரான்ல?"

"அப்ப ராத்திரி சோத்தையும் அவரே தின்னட்டும். உங்க பசி அடங்கிரும்."

கூட்டாளி சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. "பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்று அடுத்த கோட்டை இழுத்தார்.

எனக்கு நாள் தள்ளி இரண்டு மாதம். நல்ல நாள் பார்த்து, கேசரி கிண்டிக் கொடுத்து, ஆசையாகச் சொல்ல வைத்திருந்த சேதி அது.

"தாராளமா போங்க. நான் ரெண்டு மாசமா முழுகாம இருக்கேன். அதையும் கேட்டுக்கிட்டுப் போங்க," என்று கத்திவிட்டேன்.

வயிற்றுப்பிள்ளைக்காரியின் புருஷன் மலை ஏறக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் இறங்கக்கூடாது, பிள்ளை பிறக்கும்வரை சவரமும் செய்யக்கூடாது. எங்கள் சனத்தில் அதை யாரும் மீறமாட்டார்கள். கூட்டாளி எழுந்து, ஆற்றைக் காலாலேயே அழித்தார்.

"வேணாம்ணே. அண்ணி இப்படி இருக்கையில ஒங்கள நான் ஏத்தமாட்டேன்."

அவர் போனதும் இவர் பாய்ந்தார். "இத ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"ஆத்தப் பத்தி நீங்க முன்னாடியே சொன்னீங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பத்து நாள் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆள் பிழைத்தார், ஆனால் தலைப்பிள்ளைச் சேதியை நான் சண்டையில் அல்லவா வீசியெறிந்தேன்! அதை யார் எனக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்?

தாடி வளர வளர, பக்கத்து வீட்டுப் பெண்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். "ஆத்துக்குப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னாரே, போகலையா?"

"அய்யோ அக்கா, போறதா இருந்தது நான்தான்," என்றேன். "மாசமா இருக்கேன்னு இவருதான் கால்ல விழுந்து தடுத்துட்டாரு. அழுத அழுகையில சவரம் பண்ணக்கூட மறந்துட்டாரு, பாவம்."