குறிலுக்குக் குந்து, நெடிலுக்குக் குதி

பிள்ளைகளை ஆட விட்டுப் பாடம் நடத்துவது எப்படி என்று வருங்கால ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. கல்லூரியில் எல்லாரும் நன்றாகத்தான் குதிப்பார்கள். வேலை கிடைத்தபின் போய்ப் பார்த்தால், அதே ஆட்கள் பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைத்திருப்பார்கள். எத்தனை பேரிடம்தான் தொண்டை வற்றக் கத்துவது? எனக்கு வெறுத்தே போய்விட்டது.

இந்த வருட மாணவிகளில் ஒருத்திமேல் மட்டும் நம்பிக்கை மிச்சமிருந்தது. செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளி வீட்டுப் பெண். கோலா சாவா பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் பயிற்சிக்குப் போட்டிருந்தார்கள். அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட, போன மாதம் சிரம்பானிலிருந்து கிளம்பினேன்.

செம்பனை மரங்களின் ஓரமாகக் காரை நிறுத்தும்போதே சிரிப்புச் சத்தம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். 'அ' என்றாள், பிள்ளைகள் குந்தினார்கள். 'ஆ' என்றாள், கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். குறிலுக்குக் குந்த வேண்டும், நெடிலுக்குக் குதிக்க வேண்டும். ஒரு வாண்டு தப்பாகக் குதித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே காலை வைத்தேன். அவ்வளவுதான்.

"வணக்கம் டீச்சர்!" என்று விறைத்து நின்றார்கள். பிறகு உட்கார்ந்து வாயில் விரல் வைத்துக்கொண்டார்கள். அவள் 'ஈ' என்றாள். யாரும் அசையவில்லை. அந்த வாண்டு மட்டும் பாதி எழுந்து, வாசலைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தது. வாசலில் தலைமையாசிரியர்.

"மேடம் வர்றாங்க, யாரும் ஆடக்கூடாதுன்னு நேத்தே சொல்லி வச்சிட்டேன்," என்றார் பெருமையாக.

அடச்சே! "நான் பாக்க வந்ததே அதத்தான் சார்."

"அதெல்லாம் நீங்க போனப்புறம் ஆடட்டும் மேடம். பெரியவங்க வந்தா ஒரு மரியாத வேணாமா?"

ஆத்திரத்தில் நானே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு 'ஈ' என்று குதித்துக் காட்டினேன். பிள்ளைகள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்கள்.

பாடம் முடிந்து வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்: "சன்னல்லேர்ந்து எல்லாம் பாத்துட்டேன்மா. நல்ல மார்க்குதான் போடுவேன்."

அவள் முகம் தெளியவில்லை. "தேங்க்ஸ் மேடம். ஆனா இனிமே ஒக்கார வச்சே நடத்துறேன் லா. பெரிய சார்கிட்ட யாரு மல்லுக்கட்டுறது? எனக்கு வேல வேணும்."

அவள் அடுத்த பாடத்துக்கு உள்ளே போனாள். தலைமையாசிரியரும் தன் அறைக்குப் போய்விட்டார். நான் மட்டும் சன்னலோரம் நின்றேன், என்னை யாரும் பார்க்காதபடி.

அவள் 'அ' என்றாள். உட்கார்ந்தபடி 'அ' என்றார்கள். 'ஆ' என்றாள். உட்கார்ந்தபடியே 'ஆ' என்றார்கள்.