அபராதம் யார் பேரில்?

ஒதிலியா பர்ராசாவுக்கு வலது காது முக்கால் செவிடு. கலிஃபோர்னியாவின் சான் அமாரோவில் ஊரார் தோட்டத்து இலைகளையெல்லாம் இருபத்து மூன்று வருஷம் பெட்ரோல் புளோயரால் ஊதித் தள்ளியதில் மிச்சம் அது. புருஷன் இறந்த பிறகு அவன் விட்டுப்போன வேனையும் வாடிக்கை வீடுகளையும் அவளே எடுத்து நடத்தினாள். கூட வேலை செய்தது கொழுந்தன் இலாரியோ.

அந்த இலையுதிர் காலத்தில் நகரசபை புதுச் சட்டம் கொண்டுவருவதாகச் செய்தி வந்தது. ஜனவரி முதல் பெட்ரோல் புளோயர் கூடாது. மீறி இயக்குகிற ஆளுக்கு அபராதம், இயந்திரமும் பறிமுதல்.

வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டே இலாரியோ பொருமினான்.

"பெரிய மனுஷங்க தூக்கம் கெடுதாம் அண்ணி! அதுக்கு நம்ம வயித்துல அடிக்கறாங்க. இனிமே விளக்குமாறுதான்."

"அந்தச் சனியன் ஒழியட்டும்டா. சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு."

"நீங்களும் அவங்க பக்கமா?"

"முழுசாக் கேளு. இயக்கறவனுக்கு அபராதம்னு எழுதியிருக்கான் பாரு, அதுதான் எனக்கு எரியுது. ஒரு இலை கிடக்கக் கூடாதுன்னு நம்மள விரட்டறது யாரு?"

மறுநாளிலிருந்து மதியம் டாக்கோ வண்டியருகே சாப்பிட வரும் தோட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். சட்டம் வேண்டாம் என்று கத்தினால் தோற்போம், திருத்தக் கேட்டால் ஜெயிப்போம் என்றாள். பாதிப்பேர் சிரித்தார்கள். ஆனாலும் நகரசபைக் கூட்ட நாளன்று சாயங்காலம் மண் ஒட்டிய பூட்ஸோடு அறுபது பேர் சபை மண்டபத்தில் வந்து நின்றார்கள்.

முதலில் பேசியவர் வினிஃப்ரெட் ஹாஸ்கெல். ஓய்வுபெற்ற பியானோ ஆசிரியை. இந்தச் சட்டத்துக்காக இரண்டு வருஷம் கையெழுத்து வாங்கியவர். அடுத்து ஒதிலியாவின் பெயரை அழைத்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம்.

மைக் முன் போய் நின்றாள். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் இலாரியோ கயிற்றை இழுத்தான். புளோயர் அலறியது. மேஜைத் தாள்கள் அதிர்ந்தன. உறுப்பினர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"நிறுத்தச் சொல்லுங்கம்மா!" என்று கத்தினார் தலைவர்.

ஒதிலியா மறுபடி கையசைத்தாள். சத்தம் அடங்கியது.

"ஒரு நிமிஷம் உங்களால தாங்க முடியலை. நான் தினம் ஆறு மணி நேரம் இதை முதுகுல கட்டிக்கிட்டு நிக்கறேன். இது போகணும்னு உங்களைவிட எனக்குத்தான் ஆசை. ஆனா என் கையில கொடுத்து ஊதச் சொல்றது வீட்டுக்காரர். அபராதத்தை அவர் பேர்ல எழுதுங்க. பழைய மெஷினைப் பறிக்காதீங்க, வாங்கிக்கிட்டுப் பேட்டரி மெஷின் கொடுங்க. அப்புறம் பாருங்க, உங்க சட்டத்தை நாங்களே காவல் காப்போம்."

மணி அடித்தது. அவள் இன்னும் பாதிதான் சொல்லியிருந்தாள். முன்வரிசையிலிருந்து ஹாஸ்கெல் எழுந்தார்.

"எனக்கு முடிவுரைக்கு மூணு நிமிஷம் பாக்கி இருக்கில்ல? அதை இவங்களுக்குக் கொடுங்க. இத்தனை நாள் என் காதைப் பத்தித்தான் யோசிச்சேன். எனக்கே வெக்கமா இருக்கு."

அந்த மூன்று நிமிஷத்தில் ஒதிலியா புகையைச் சொன்னாள், மரத்துப்போகும் விரல்களைச் சொன்னாள். அவள் முடித்ததும் ஹாஸ்கெலும் திருத்தத்தை ஆதரிப்பதாகச் சொன்னார். வாக்கெடுப்பில் நாலுக்கு ஒன்று. அபராதம் வீட்டுக்காரருக்கு, பழையதைக் கொடுத்தால் புதியது இனாம், மாற்றிக்கொள்ள ஆறு மாசம் அவகாசம். மண்டபத்தில் எழுந்த விசில் சத்தத்தைத் தலைவரால் அடக்க முடியவில்லை. இலாரியோ அண்ணியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். "இறக்குடா கழுதை!" என்று திட்டியபடியே அவள் அழுதாள்.

ஜூலையில் புரூயிட் என்ற வாடிக்கைக்காரர் முகம் சுளித்தார். "பேட்டரியில வேகம் பத்தலை. பழசையே கொண்டு வா."

"எங்கிட்ட இல்லை சார். நீங்களே ஒண்ணு வாங்கி வச்சாலும், அபராதச் சீட்டு உங்க பேருக்குத்தான் வரும்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் வேலையைத் தொடர்ந்தாள். வேலியின் அந்தப் பக்கமிருந்து இலாரியோ கிண்டலடித்தது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. புளோயரை நிறுத்தாமலே இவளும் பதிலுக்கு ஒன்று கொடுத்தாள்.

செப்டம்பரில் பக்கத்து ஊர்த் தோட்டக்காரர்கள் நாலுபேர் அவளைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊரிலும் சட்டம் வரப்போகிறதாம். வந்து பேச வேண்டுமாம்.

"வரேன். ஆனா முதல்ல உங்க ஆளுங்க எத்தனை பேர் வருவாங்க, அதைச் சொல்லுங்க," என்றபடி ஒதிலியா நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.