லிந்தோவின் காரும் என் சுட்டுவிரலும்

எங்கள் தீவில், அகுவாதா ஊரில், லிந்தோவிடம் முடி வெட்டிக்கொள்ளப் போகிறவன் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவான். ஒரு தலைக்கு ஒரு மணி நேரம். வெட்டலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு முடியையும் யோசித்து வெட்டுகிற ஆள் அவன். எதையும் தூக்கி எறிய மனசு வராது. பல் போன சீப்பு, விரிசல் விட்ட கண்ணாடி, இறந்துபோன வாடிக்கையாளரின் துண்டு, எல்லாம் சலூன் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

இப்பேர்ப்பட்டவன் தன் காரின் குடலையே அறுத்து வாளியில் போட்டான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

கார் என்றால், பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சக்கரம் சுழலும் ரோட்டரி என்ஜின் வைத்த ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு, இரண்டே சீட். எங்கள் தீவில் ரோட்டரி சத்தம் கேட்டால் பூசை நடுவில் பாதிரியாரே திரும்பிப் பார்ப்பார். அதில் என்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ள இரண்டு டர்போ. முதலில் ஒன்று ஊதும், வேகம் ஏறிய பிறகு மற்றது வந்து சேரும். எப்போது வர வேண்டும் என்று அதற்குச் சேதி சொல்லத்தான் எழுபது ரப்பர் குழாயும் ஒரு கூட்டம் வால்வும். அந்தச் சிக்கலுக்கு நாங்கள் வைத்த பெயர் எலிக்கூடு. இருபத்தைந்து வருடச் சூட்டில் குழாயெல்லாம் முறுக்கு மாதிரி நொறுங்கியது. ஒன்றை மாற்றினால் பக்கத்தில் இருப்பது உடையும். நான்கு வருடமாகக் கார் ஷெட்டை விட்டு நகரவில்லை.

லிந்தோ ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொந்தக்காரர் பெயரை எழுதி ஒட்டியிருந்தான்.

"இது யாருடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ப்ருதென்சியா அத்தை. வேலை ஒண்ணும் செய்யாது. உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு மட்டும் விடும்."

நான் எலாதியோ. அவன் மகள் யாரிட்சாவுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் நானும் லிந்தோவும் ஒருவரை ஒருவர் 'கொம்பாய்' என்போம். அந்தக் காரின் மேல் எனக்கு ஆசை. மறைப்பானேன், பேராசை. தினமும் சாயங்காலம் சுருட்டோடு போய் அந்த ஷெட்டில் நாற்காலி போட்டு உட்காருவேன். "வந்துடுச்சு, இலவு காத்த கிளி" என்பாள் லிந்தோவின் மனைவி மிக்தாலியா.

யாரிட்சாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் ஊரில் விருந்து என்றால் கார் ஷெட்டில்தான். மிக்தாலியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சனிக்கிழமை இங்க நூறு பேர் உட்காரணும் லிந்தோ. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இது தன் காலால வெளிய போகணும். இல்லன்னா எலாதியோ கட்டி இழுத்துட்டுப் போகட்டும். விலை பேசியாச்சு."

"அவளை இதுலதான் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லியிருக்கேன், மிக்தா."

"அது அவளுக்கு ஆறு வயசுல சொன்னது."

"அவ மறக்கலையே" என்றான்.

அன்றுதான் லிந்தோ கத்தரியை எடுத்தான். எலிக்கூடே வேண்டாம், இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே ஊதட்டும் என்று முடிவு. இரண்டாவது டர்போவை அடைக்கும் கதவைத் திறந்தபடியே கம்பி வைத்துக் கட்டினான். பிரேக்குக்கு ஒன்று, பெட்ரோல் அழுத்தத்துக்கு ஒன்று என்று ஆறே குழாயை விட்டுவைத்தான். மற்றதெல்லாம் பெயர் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, வாளிக்குள் போயிற்று. ப்ருதென்சியா அத்தைக்கு மட்டும் கண் கலங்கினான்.

குழாய் போனால் அது மாட்டியிருந்த மூக்கு திறந்து கிடக்கும். அதற்கு ரப்பர் மூடி போட வேண்டும். லிந்தோ மூக்குகளை எண்ணிப் பார்த்துச் சரியாக அத்தனை மூடி வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டான். கிண்ணம் காலியானால் வேலை முடிந்தது. அவன் கணக்கு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கிண்ணம் காலி. சாவியைத் திருப்பினான். என்ஜின் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்து நாயெல்லாம் எழுந்தது. ஆனால் சத்தம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏறும், இறங்கும், விக்கும். கியர் போட்டதும் அணைந்தது. பத்து தடவை போட்டான், பத்து தடவையும் அணைந்தது.

"எங்கயோ காத்து உள்ள போகுது, கொம்பாய்" என்றான். முகமெல்லாம் வியர்வை.

என்ஜினை மறுபடி ஓட விட்டான். நான் சுருட்டோடு அதன் மேல் குனிந்தேன். "பெட்ரோல் பக்கத்துல சுருட்டா? கல்யாண வீட்டை எழவு வீடாக்கிடாதே!" என்று மிக்தாலியா சமையலறையிலிருந்து கத்தினாள். மேலே போக வேண்டிய சுருட்டுப் புகையில் ஒரு இழை மட்டும் திரும்பிக் கீழே இறங்கியது. என்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்கே படாத இடத்தில், உள்ளே போய் மறைந்தது. அங்கே ஒரு மூக்கு மூடாமல் இருக்கிறது.

"ஏதாவது தெரியுதா?" என்றான்.

"ஒண்ணும் தெரியலடா" என்றேன்.

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை டிரெய்லரோடு போய் நின்றேன். லிந்தோ என்ஜினை ஓட விட்டபடி உள்ளே தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கை முழுக்கக் கீறல். யாரிட்சா தலை நிறைய ரோலரோடு வாசலுக்கு வந்தாள். டிரெய்லரைப் பார்த்தாள். அழவில்லை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னைப் பார்த்தால் கேட்பதையே கேட்டாள்.

"ஆசீர்வாதம், ஞானப்பா."

எங்கள் ஊர் வழக்கப்படி அதற்கு 'கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்' என்று உடனே சொல்ல வேண்டும். சண்டை போட்டவன்கூட அதைச் சொல்லாமல் இருக்க மாட்டான். எனக்கு வாய் வரவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

சுருட்டை எறிந்துவிட்டு நேராகப் போய் என்ஜினுக்குப் பின்னால் கையை விட்டேன். சுட்டுவிரலால் அந்த ஓட்டையை அடைத்தேன். விக்கல் நின்றது. ரோட்டரி ஒரே சுருதியில் பாடியது.

"கையை எடுக்காதே!" என்று கத்தினான் லிந்தோ.

"எடுக்கலடா! மூடியைக் கொண்டா! சுடுது!"

"மூடி இல்லையே! கிண்ணம் காலி!"

"அப்ப என் விரலையே வெட்டி வச்சுக்கோ!"

என்ஜினை அணைத்தால் போதும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மிக்தாலியா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"கறுப்பா, சின்னதா இருக்குமே, அந்த மூடியா?"

"ஆமா!"

"ரேடியோ ஏரியல் கண்ணைக் குத்துதுன்னு கிண்ணத்துல இருந்து ஒண்ணு எடுத்து மாட்டினேன். கிண்ணம் நிறைய வச்சிருந்தியே!"

அந்த மூடி வந்தது. விரலில் கொப்புளமும் வந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கார் தன் காலால் ஷெட்டைவிட்டு இறங்கி, கோவில் மேட்டில் ஏறிப் போனது. ஊளையிட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டதாம். நான் யாரிட்சா பக்கம் திரும்பி, "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்மா" என்றேன். "இவ்ளோ நேரமா?" என்று சிரித்தாள்.

மறுநாள் அவள் கவுன் ஜன்னல் வழியாகப் பிதுங்க, அப்பனும் மகளும் அதில் போனார்கள். நான் காலி டிரெய்லரோடு பின்னால் போனேன். விருந்தில் துவரைச் சோற்றையும் வாட்டிய பன்றிக்கறியையும் நடுவில் வைத்து, லிந்தோ என் கட்டுப் போட்ட விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

"நாலு வருஷமா இந்தக் கார் வேணும்னு உக்காந்திருந்த ஆளு! என் பொண்ணுக்காக விரலையே குடுத்துட்டான்!"

நூறு பேர் கை தட்டினார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து அவன் சலூனில் என்னிடம் காசு வாங்குவதில்லை. ஒரு மணி நேரம் முடி, கடைசியில் கழுத்துக்குச் சவரம். வியாழக்கிழமையே அந்தப் புகையைப் பார்த்தேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைக்கிறேன். கத்தி கழுத்தில் இருக்கிறது, கீழே வைத்ததும் சொல்லலாம் என்று பொறுக்கிறேன். அவன் கத்தியைக் கீழே வைத்து, கன்னத்தைத் தட்டி, "அழகா இருக்கே, கொம்பாய்" என்கிறான். நான் எழுந்து வந்துவிடுகிறேன்.