குறிப்பேட்டில் ஏறாத திமிங்கலம்

அதன் கறுத்த முதுகைக் கண்ட கணத்திலேயே, ‘குகனைக் கூப்பிடக் கூடாது’ என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது.

போன மாதம் ஓக்லாந்திலிருந்து, வெளிக்கடலில் கிடக்கும் எரிமலைத் தீவுகளைச் சுற்றிவரப் படகில் போனோம். கடற்பறவைப் புத்தகத்தை மாதக்கணக்காகக் கரைத்துக் குடித்தவன் நான். ஆனால் சும்மா துணைக்கு வந்த மச்சான் குகன்தான் காலையிலிருந்து எல்லாப் பறவைகளையும் முதலில் கண்டான். ஒவ்வொரு முறையும், “மச்சான், ஓடி வா, ஓடி வா!” என்று என்னையும் இழுத்துப்போய்க் காட்டினான். எதை யார் முதலில் கண்டார் என்று கப்டன் எழுதும் குறிப்பேட்டில் அவன் பெயர் ஏழு இடத்தில் ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் திமிங்கலத்தை நான் தனியாகவே பார்த்தேன். கமராவில் பிலிம் முடிந்திருந்தது. அது மூழ்கிய பிறகு, பெருமையோடு கப்டனிடம் போய்ச் சொன்னேன்.

“கூடப் பார்த்தது யார்?” என்று அவர் கேட்டார். இரண்டு பேர் கண்டால்தான் எழுதுவாராம்.

அதற்குள் பக்கத்தில் வந்து நின்ற குகன் என் காதருகே குனிந்தான். “நானும் கண்டனான் எண்டு சொல்லட்டோ?”

“நீ காணேல்லையேடா.”

“நீ கண்டனி எண்டால் கண்டனிதானே மச்சான். ஆனா ஏன்டா என்னைக் கூப்பிடேல்லை?”

எழுத வேண்டாம் என்று கப்டனிடம் சொல்லிவிட்டேன்.

அவனுடைய ஏழுக்கும் இரண்டாவது சாட்சி நான்தான் என்பது, பாபகூரா ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது.

பொறாமை இன்னும் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறோம். எதைக் கண்டாலும் முதலில் அவன் பெயரைக் கத்திப் பார்க்கப்போகிறேன்.